நடுவில் படுத்த சுண்டு

எருக்கலாங்குளத்தில் மைக்செட் மாடக்கண்ணுவும் அவர் மனைவி உலகம்மாளும் பதினோரு வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் ஒரே கட்டிலில் படுத்து எழுந்துகொண்டிருந்ததில் ஊருக்கு ஆச்சரியம் ஒன்றும் கிடையாது, பேசிக்கொண்டு படுக்கிறவர்கள் அந்த ஊரில் சொற்பம். அவர்களுக்கு நடுவில் படுத்திருந்த நாய் முதல் தையில் பசுமாட்டு உயரமும், அடுத்த வருஷம் மாசியில் கூண்டுவண்டி உயரமும், நாலாம் வருஷப் பங்குனி உத்திரத்துக்குள் வைக்கோல்படப்பு உயரமும் வந்துவிட்டதிலும் பெரிய ஆச்சரியம் இல்லை, தின்கிறது வளரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அது எதைத் தின்றது என்பதில்தான் கதை இருக்கிறது.

சண்டை வந்தது மகள் கல்யாணத்தில். அந்தப் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன்மார் சீர் எடுத்து வரும்போது மண்டப வாசலில் வைத்தே மைக்கில் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும். மூத்த மாமன் பெயர் முதலில், இளையவர் பெயர் அடுத்து. அரசியல் சட்டத்தையாவது நூறு தடவைக்கு மேல் திருத்தியிருக்கிறார்கள், இந்தச் சட்டத்தைத் திருத்தத் துணிந்தவன் இன்னும் பிறக்கவில்லை. முப்பது வருஷம் ஊரார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மைக் பிடித்து, எத்தனையோ மாமன்மாரை வரிசை பிசகாமல் வரவேற்ற மாடக்கண்ணு, தன் சொந்த மகள் கல்யாணத்தில் இளைய மைத்துனன் பெயரை முதலில் வாசித்துவிட்டார். ஹார்ன் குழாய் நான்கு தெருவுக்கும் அதைக் கேட்கச் செய்தது. மூத்த மைத்துனர் பரமகுரு வாசற்படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தார், தட்டோடு நின்று மாடக்கண்ணுவை மானங்கெடப் பேசினார், தலையிலிருந்த தாம்பாளத்தை இறக்கினார், இருபத்தோரு தட்டையும் வந்த வேனிலேயே திருப்பி ஏற்றினார், போனார். போனவர் போனவர்தான். அன்று சாயங்காலம் பந்தல் பிரிக்குமுன் உலகம்மாள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "இனி உங்க மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசுனா, நான் எங்க அப்பனுக்குப் பொறக்கல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் ஒரு வீட்டுக்குள் குடியிருக்கிற இரண்டு பேர் எப்படிப் பேசாமல் இருக்க முடியும்? முதலில் தூணிடம் பேசினார்கள். "ஏ தூணே, சோறு ஆறிப் போகுதுன்னு சொல்லு" என்பாள் அவள். "ஏ தூணே, ரசத்துல உப்பு ரெண்டு தடவ விழுந்திருக்குன்னு சொல்லு" என்பார் இவர். தூணில் கீறல் விட்டதும் சீலிங் ஃபேனிடம் பேசினார்கள். ஃபேன் இரண்டு வருஷம் தாங்கியது. பார்க்க வந்த எலக்ட்ரீசியன் காயில் எரிந்துவிட்டது என்றான். எதனால் எரிந்தது என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் ஒரு ஐப்பசி மழையில் சாக்கடையோரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை உலகம்மாள் முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி, அதனால் சுண்டு என்று பெயர். வந்த முதல் நாளே அது கட்டிலில் ஏறி இருவருக்கும் நடுவில் மல்லாந்து படுத்து, ஒரு காலை அவள் மேலும் ஒரு காலை அவர் மேலும் போட்டுக்கொண்டது. பாசமென்றால் அப்படி ஒரு பாசம்: பக்கத்தில் படுத்தவர் காதை நக்கும், வயிற்றின் மேல் தாடையை வைத்துப் பெருமூச்சு விடும், தள்ளிப் படுத்தால் அதுவும் தள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். தூணுக்கும் ஃபேனுக்கும் இல்லாத ஒரு குணம் அதற்கு இருந்தது. சொன்னதைத் தலை சாய்த்துக் கேட்டது.

"சுண்டு, மாத்திரை போட்டாச்சான்னு அவுககிட்ட கேளு."

"சுண்டு, போட்டாச்சுன்னு சொல்லு. எந்த மாத்திரைன்னு கேளு."

இப்படி மாத்திரை விஷயமாக நாலு வாக்கியம் போய்வந்த அன்று நாய் நாலு விரற்கடை நீண்டது. மகளுக்குப் பிள்ளை பிறந்த சேதியைச் சொல்லிக்கொண்ட அன்று ஒரு முழம். பரமகுருவின் பெயர் அடிபட்ட நாட்களில் கணக்கே கிடையாது. மாட்டு டாக்டர் டானியல் வந்து, ஏணி போட்டு ஏறி, முதுகிலிருந்து வயிறு வரை தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டார்.

"கொழுப்பு இல்ல அண்ணாச்சி. அம்புட்டும் சேதி. சொல்லச் சொல்லுதீங்க, அதுக்குப் பேச வாயில்ல, வெளிய போகாம உள்ளயே தங்கிருச்சு. ஒண்ணு சேதியக் கொறைங்க, இல்ல கட்டிலப் பெருசாக்குங்க."

சேதியைக் குறைப்பதாவது! கட்டிலைப் பெரிதாக்கினார்கள். தச்சர் ஆவுடையப்பன் முதலில் ஒரு பெஞ்சைச் சேர்த்தார், பிறகு மைக்செட் வாடகைக்குப் போகும் மேடைப் பலகைகளைச் சேர்த்தார், பிறகு அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்தார். தெருவாசலில் தொடங்கி அடுக்களை வாசலில் முடிகிற கட்டில் அந்த ஜில்லாவிலேயே அது ஒன்றுதான். மாடக்கண்ணு தெருவாசல் வழியாக ஏறிப் படுப்பார், உலகம்மாள் அடுக்களை வழியாக ஏறிப் படுப்பாள், நடுவில் சுண்டு மூச்சு விட்டுக்கொண்டு மலைபோலக் கிடக்கும்.

இதில் மாடக்கண்ணுவுக்கு வந்த கஷ்டம் ஒன்றே ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன் மாசி மாதம் ஒரு நாள் அவள் நெற்றியைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பார்த்ததெல்லாம் நாயின் முதுகு. வளையல் சத்தம் கேட்கும், இருமல் கேட்கும், வாலுக்குப் பக்கமாகத் தட்டு நகர்ந்து வரும், ஆள் தெரியாது. தெருவைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போனால் பார்க்கலாம். ஆனால் சுற்றிப் போனவன் தோற்றவன் என்பது எருக்கலாங்குளத்தின் நியதி. அறுபத்திரண்டு வயதில் அவருக்கு வேறு ஆசை கிடையாது. முன்பெல்லாம் அவள் அடுக்களையிலிருந்து அவரை "ஏங்க" என்று கூப்பிடுவாள், கடைசி எழுத்தை ஒரு இழுப்பு இழுத்து. அந்த ஒரு சொல்லை, நாய் வழியாக அல்லாமல், நேராகத் தன் காதால் கேட்டுவிட்டுக் கண்ணை மூட வேண்டும். எந்த ஆம்பிளிஃபையரிலும் அந்த இழுப்பைக் கொண்டுவர முடியாது என்பது அவர் தொழில் ரீதியான அபிப்பிராயம்.

ஊர் சும்மா இருக்குமா? முதலில் வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சகோதரர்கள். அண்ணன் பால் காய்ச்சுகிறவர், தம்பி வடை போடுகிறவர், ஒரே கடைக்குள் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் வந்து, அண்ணன் தெருப்பக்கம் படுத்தார், தம்பி அடுக்களைப் பக்கம் படுத்தார்.

"சுண்டு, நேத்து பால் திரிஞ்சதுக்கு நான் காரணமில்ல, எண்ணெய்க் கையோட பாத்திரத்தத் தொட்டது யாருன்னு அந்த வடைகிட்ட கேளு."

"சுண்டு, ஆறு வருசமா தண்ணிய ஊத்தி விக்கிறதுக்குப் பேரு பாலான்னு அந்தப் பால்கிட்ட கேளு."

இருவருக்கும் இருவர் பேசியதும் நன்றாகவே கேட்டது. இருந்தாலும் நாய் பெருமூச்சு விடும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கோபப்பட்டார்கள். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. எழுந்திருக்கும்போது நாய் இருவர் காதையும் நக்கிவிட்டது. காது ஈரத்தைத் துடைக்காமலேயே கடைக்குத் திரும்பி, சமாதானமாகாமல், ஆனால் மிகவும் திருப்தியாக, ஒருவர் பால் காய்ச்சினார், ஒருவர் வடை போட்டார்.

அதைக் கண்டதும் ஊரே கிளம்பியது. பேசாமல் இருப்பதில் இதுநாள்வரை இருந்த ஒரே சிரமம் எப்படிச் சேதி சொல்வது என்பதுதான், அதுவும் தீர்ந்துவிட்டது. ஆகவே பேசாதவர்கள் வந்தார்கள், பிறகு பாதி பேசுகிறவர்கள் வந்தார்கள், பிறகு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்களும் நாமென்ன மட்டமா என்று பேச்சை நிறுத்திக்கொண்டு வந்தார்கள். மாமியாரும் மருமகளும் வந்தார்கள், வாத்தியாரும் தலைமை வாத்தியாரும் வந்தார்கள், ஒரே சாமிக்கு இரண்டு கொடைத் திருவிழா நடத்துகிற இரண்டு கோயில் கமிட்டியும் வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், "ஒங்க குடும்பத்துல சுண்டுகிட்ட யாரும் படுக்கிறதில்லையாமே?" என்று கேட்க, பெண் வீட்டார் தலை குனிந்து, அடுத்த வாரமே சித்தப்பாவோடு ஒரு சண்டையை உண்டாக்கிக்கொண்டார்கள்.

பேரூராட்சித் தலைவர் செவத்தையாவும் துணைத்தலைவர் இம்மானுவேலும் வந்தபோதுதான் சட்டச் சிக்கல் எழுந்தது. இருவருமே தலைமாட்டுப் பக்கம்தான் படுப்போம் என்றார்கள். சரி, ஆளுக்கு ஒரு காது என்று பிரித்துக் கொடுத்துப் படுக்க வைத்தால், பாதிப் பேச்சில் சுண்டு கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தது. கண்ணைத் திறந்த தலைவர் வாலுக்குக் கீழே கிடந்தார். மறுநாள் அவசரக் கூட்டம் கூடியது. 'வால்' என்ற சொல் இனி பேரூராட்சிப் பதிவேடுகளில் இடம்பெறாது என்றும், அந்தப் பகுதி 'பின்தலை' என்று வழங்கப்படும் என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஒருமனதாக என்றால், இருவரும் நாயிடம் தனித்தனியாகச் சம்மதம் சொன்னார்கள்.

ஊரார் சேதியெல்லாம் சேரச் சேர நாய் வளர்ந்தது. ஓட்டுக் கூரையைப் பிரித்து மேலே தார்ப்பாய் கட்டினார்கள். மாடக்கண்ணு கட்டிலின் விளிம்பில் ஒரு ஓரமாக, கயிற்றின் மேல் படுப்பவர்போலப் படுத்தார். அந்தப் பக்கத்து வளையல் சத்தம்கூட இப்போது எங்கோ அடுத்த ஊர்க் கோயில் மணிபோலத்தான் கேட்டது.

சித்திரை பிறந்ததும் அரசாங்க ஆணை வந்தது. தலைநகரத்தில் பேசிக்கொள்ளாத பெரியவர்கள் பலர் இருக்கிறார்களாம். ஆகவே பதினோரு அடி உயரமுள்ள மேற்படி நாயை மாநில சமரச அலுவலராக நியமித்து அனுப்பிவைக்கும்படி உத்தரவு. காற்றாலை இறக்கை ஏற்றுகிற நீண்ட லாரி ஒன்று ஊர்வலமாக வந்து தெருவை அடைத்து நின்றது. கோட்டாட்சியர் திலகராணி இறங்கினார், பின்னாலேயே கோப்போடு எழுத்தர் இறங்கினார், அவர்களுக்குப் பின்னால் ஊர் முழுவதும் நின்றது. பிற்பகல் மூன்று மணி. கோட்டாட்சியர் வந்து நின்ற இடம் பின்தலை. அங்கிருந்து பார்த்தால்தான் இந்தப் பக்கம் மாடக்கண்ணுவும் அந்தப் பக்கம் உலகம்மாளும் தெரிவார்கள். பதினோரு அடி உயரத்துக்குக் கீழே இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

"உரிமையாளர்கள் ரெண்டு பேரும் சம்மதிக்கணும்" என்றார் கோட்டாட்சியர்.

மாடக்கண்ணு பழக்கத்தில், "சுண்டு, சம்மதமான்னு அவகிட்ட கேளு" என்றார்.

எழுத்தர் கையை உயர்த்தினார். "அது செல்லாதுங்க. நாய் விஷயத்துல நாயே நடுவரா இருக்கப்படாது. தன் வழக்குக்குத் தானே தீர்ப்பு எழுதுன மாதிரி ஆயிரும். ஒருத்தர ஒருத்தர் நேரா கேக்கணும், நேரா சொல்லணும். விதி இருக்கு."

மாடக்கண்ணு கணக்குப் போட்டுப் பார்த்தார். சம்மதம் என்றால் மலை நகரும். ஆனால் நாயும் போய்விட்டால் அவள் யாரிடம் சொல்லி இவரிடம் பேசுவாள்? சோறு ஆறுகிறது என்றுகூடச் சொல்ல ஆளில்லாத வீடாகிவிடும். சம்மதமில்லை என்றால் மலை இங்கேயே இருக்கும், அடுத்த மாதம் இருமல்கூடக் கேட்காது. வாயைத் திறந்தார். மூடினார். ஆயிரம் கல்யாணத்தில் 'மைக் டெஸ்டிங்' என்று முழங்கிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கோட்டாட்சியர் வெயிலுக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று.

"ஏங்க."

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. இழுப்பு அப்படியே இருந்தது.

"ஏங்க, அந்த அம்மா எம்புட்டு நேரம் வெயில்ல நிப்பாங்க? ஒரு வாய்த் தண்ணிகூட நீங்க குடுக்கல. வாயத் தொறந்து பதிலச் சொல்லுங்க."

மாடக்கண்ணுவுக்கு நாய் மறந்துவிட்டது, ஆணை மறந்துவிட்டது. "என்னளா?" என்றார்.

"நாய அனுப்பவா, வேண்டாமா?"

"நீ என்ன சொல்லுத?"

"நான் கேட்டா திருப்பி என்னையே கேப்பீங்களோ? அன்னைக்கும் இப்படித்தான், கேட்டதுக்குப் பதில் கிடையாது!"

நாய் ஒரு சாண் இறங்கியது. நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். முதுகுக்கு மேலே, தார்ப்பாய்க்கும் ரோமத்துக்கும் நடுவில், ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது.

"அன்னைக்கு நான் என்னளா செஞ்சேன்? சீட்டுல இருந்தத வாசிச்சேன்."

"சீட்டு எழுதுனது யாரு?"

"நீதான்."

"சின்னவன் பேர மேல எழுதுனது யாரு?"

மாடக்கண்ணு நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"சொல்லுங்க, யாரு?"

"நீதான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நாய் இறங்கிக்கொண்டே வந்தது. எட்டு அடி, ஏழு அடி. மாடக்கண்ணு எழுந்து நின்றார். முதலில் அவள் வகிடு தெரிந்தது. அது முழுக்க நரைத்திருந்தது, அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"கல்யாணப் பதட்டத்துல மாத்தி எழுதிட்டேன். அது என் கையெழுத்துன்னு ஒங்களுக்குத் தெரியும். எங்கண்ணன் தட்டோட நின்னு ஒங்கள மானங்கெடப் பேசும்போது, இது ஒந் தங்கச்சி எழுதுன சீட்டுன்னு சபையில சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? கல்லு மாதிரி நின்னீகளே, ஏன்?"

"ஒன்ன வைய வேண்டாம், என்ன வைஞ்சிட்டுப் போகட்டும்னுதான்."

"அதத்தான் கேக்கேன்! நீங்க என்னக் காட்டிக் குடுத்திருந்தா, ஒரு நாள் ஒங்கள வைஞ்சிட்டு மறுநாள் சோறு போட்டிருப்பேன். நீங்க தியாகியாயிட்டீக. தப்பு எம் பேர்ல இருக்கு, மன்னிச்ச முகம் ஒங்ககிட்ட இருக்கு. தியாகிகூட ஒரு பொம்பள என்னத்தப் பேசுறது?"

ஆறு அடி. நெற்றி தெரிந்தது, புருவம் தெரிந்தது.

அப்போதுதான் ஊருக்கு விஷயம் உறைத்தது. இவர்கள் இப்படியே பேசிக்கொண்டு போனால் நாய் என்ன ஆகும், ஊர் என்ன ஆகும்? தலைவர் செவத்தையா கையெடுத்துக் கும்பிட்டார். "மதினி! போதும், நிறுத்துங்க! ஊர் நலனக் கொஞ்சம் பாருங்க. பதினோரு வருசம் கட்டிக் காத்ததப் பத்து நிமிசத்துல ஒடைக்கலாமா?" துணைத்தலைவர் தொண்டை கிழியக் கத்தினார். டீக்கடை அண்ணன் பதறிப்போய், "எலேய், மாடக்கண்ணு அண்ணாச்சி வாயப் பொத்துலே!" என்றார். "ஒனக்குக் கை இல்லையா, நீ பொத்து!" என்றார் தம்பி. ஆறு வருஷத்துக்குப் பிறகு நேராகப் பேசிவிட்டோம் என்பதை அவர்கள் இருவரும் கவனிக்கவில்லை. நாய் கவனித்தது. இன்னும் ஒரு முழம் இறங்கியது.

"உயரம் என்ன?" என்றார் கோட்டாட்சியர்.

எழுத்தர் டேப் பிடித்தார். "நாலே கால் அடிங்க. ஆணையில பதினோரு அடின்னு இருக்கு."

"அப்ப இது அந்த நாய் இல்ல" என்று கோட்டாட்சியர் கோப்பை மூடினார். போகும்போது அடுக்களைப் பக்கம் போய், தானே ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். நீண்ட லாரியைத் திருப்ப இடமில்லாமல் பின்னோக்கியே ஐந்து மைல் ஓட்டிப் போனார்கள்.

சுண்டு எழுந்து நின்றது. மேலும் இறங்கிக்கொண்டே வந்து, ஊரார் சேதி இன்னும் நிறைய உள்ளே கிடந்ததால் ஒரு கன்றுக்குட்டி அளவில் நின்றுவிட்டது. முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது, உலகம்மாள் காதை ஒரு நக்கு, மாடக்கண்ணு காதை ஒரு நக்கு, பிறகு கட்டிலிலிருந்து குதித்துத் தெருவுக்குப் போனது. "எங்க வீட்டுக்கு வா", "இல்ல, எங்க வீட்டுக்கு" என்று ஊரே அதன் பின்னால் ஓட, பேசாதவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு ஓட, அந்தச் சத்தம் தேரடி தாண்டித் தேய்ந்துபோயிற்று.

தார்ப்பாய்க்குக் கீழே அகலமான கட்டில் கிடந்தது. இந்த விளிம்பில் மாடக்கண்ணு, அந்த விளிம்பில் உலகம்மாள். நடுவில், நாலு வருஷம் நாய் படுத்துப் படுத்து விழுந்த பள்ளம், ஒரு சின்னக் குளம் அளவுக்கு, ரோமம் நிறைந்து கிடந்தது.

"இன்னும் கேக்க எம்புட்டோ இருக்கு" என்றாள் அவள். "இங்கேருந்து கத்துனா தொண்ட வலிக்கு. கிட்ட வாங்க."

மாடக்கண்ணு முழங்காலால் நகர்ந்தார். அவளும் பாதி வழி நகர்ந்தாள். பள்ளத்தின் ஓரத்துக்கு வந்ததும் பழைய மெத்தை சரிந்து இருவரையும் பள்ளத்துக்குள் உருட்டிவிட்டது. மூக்கிலும் வாயிலும் நாய் மயிர், ஒருவர் முழங்கை ஒருவர் விலாவில்.

"மெதுவா விழத் தெரியாதா? எதுலதான் ஒங்களுக்கு நிதானம் இருந்திருக்கு? அந்த வருசம் தலைதீபாவளிக்கு மருமகன் வந்தப்ப..." என்று ஆரம்பித்தாள். தலைதீபாவளியிலிருந்து தைக்கு வந்தாள், தையிலிருந்து அடுத்த ஆடிக்கு வந்தாள், ஒரு வருஷத்தையும் விடவில்லை. அவர் கையிலும் சில பதில்கள் இருந்தன, நல்ல பதில்கள், ஜெயிக்கிற பதில்கள். ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை. அவர் பேசினால் எங்கே அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.